கான்சாபுரம், கஞ்சா, குடல் ஆபரேஷன்: ஒரு வலி மருந்தின் கதை

எங்க ஊர் பேரு கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வத்திராயிருப்பு போற பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். 2025ல ரீல்ஸ்ல ஊரே தேடிப் பார்த்த கூமாபட்டிக்கு அக்கம்பக்கம்னு சொன்னா இப்போ உடனே புரிஞ்சுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் வெளியூர்ல ஊர்ப் பேரைச் சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: "என்னது, கஞ்சாபுரமா?" :-)

இல்லைங்க சாமி. கான் சாகிப் புரம். மதுரையை ஆண்ட மருதநாயகம் யூசுப் கான் பேரால வந்த ஊர். 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாப்பும் சேர்ந்து தூக்குல போட்டாங்களே, அவரேதான். கமல் 1997ல பூஜை போட்டு இன்னும் முடிக்காத படத்தோட நாயகர். அவரைப் பத்தி தனியா ஒரு பதிவு போடணும். இன்னைக்கு விஷயம் அவர் இல்லை. அந்தக் கிண்டல்ல வர்ற இன்னொரு பேருதான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கு. எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பாவுக்கு குடல்ல கட்டின்னு மதுரையில ஆபரேஷன் ஆச்சு. ரெண்டாம் நாள் வலி தாங்கல. டாக்டர் மார்ஃபின் போடலாம்னு சொன்னப்போ, "அது போதை ஊசி, பழகிரும், வேண்டாம்"னு மறுத்துட்டார். அதே பெரியப்பா கையில இருந்த போன்ல ஒரு வாட்ஸப் பார்வர்டு: "ஆபரேஷன் வலிக்கு கஞ்சா எண்ணெய், நம் சித்தர்கள் அன்றே சொன்னது, வெள்ளைக்காரன் இன்றுதான் கண்டுபிடித்தான்". அதை மட்டும் நம்பத் தயாரா இருந்தார். மார்ஃபின் போதை, கஞ்சா மருந்து! இந்தக் குழப்பம் எங்கருந்து வந்துச்சுன்னு தேடினா, கதை இருநூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகுது. கொஞ்சம் பெரிய பதிவு. டீ ஒண்ணு போட்டு எடுத்துட்டு வந்துருங்க.

மலைக்கு இந்தப் பக்கம்

முதல்ல நம்ம ஊர்ப் பக்கமே வருவோம். வத்திராயிருப்புல நின்னு மேற்கே பார்த்தா சதுரகிரி. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்குல ஜனம் ஏறுற மலை. சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குப் போற வழியில கோரக்கர் குகைன்னு ஒண்ணு காட்டுவாங்க. சித்த வைத்தியத்துல கஞ்சாவுக்கு இருக்கிற பேர்கள்ல ஒண்ணு "கோரக்கர் மூலி". மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு, கம்பம் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்தையும் கஞ்சாவையும் சேர்த்து போலீஸ் செய்தி வராத வருஷம் கிடையாது. ஒரே மலை, ஒரு பக்கம் மூலிகை, மறுபக்கம் கேஸு.

சித்த, ஆயுர்வேத மருந்துகள்ல கஞ்சா இருந்தது உண்மைதான். அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா எதுக்குக் கொடுத்தாங்கன்னு பாருங்க. ஆயுர்வேதத்துல ஜாதிபலாதி சூரணம்னு ஒண்ணு. ஜாதிக்காய் பேர்ல இருந்தாலும் அதுல பங்கு, அதாவது கஞ்சா இலை, முக்கியமான சரக்கு. கொடுத்தது கிராணிக்கு. கிராணின்னா தெரியும்ல? சாப்பிட்டது செரிக்காம நாள்கணக்கா வயிறு போறது. சித்தத்திலயும் கழிச்சலை நிறுத்துறதுக்கு கஞ்சா சேர்ந்த லேகியங்கள் உண்டு. ஆக, நம்ம வைத்தியர்கள் இதை வயித்துக்குத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்காங்க. ஓடுற குடலை நிறுத்துறதுக்கு. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

வெளிநாட்டுக்காரங்க எழுதி வச்சதும் இதையேதான் சொல்லுது. ஒயிட்லா எய்ன்ஸ்லின்னு ஒரு டாக்டர், கம்பெனியோட சென்னைப் படையில சர்ஜன். 1813ல சென்னையில நம்ம நாட்டு மருந்துச் சரக்குகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். 1826ல அதையே விரிவாக்கி லண்டன்ல ரெண்டு பாகமா வெளியிட்டார். நம்ம பக்கத்து வைத்தியர்கள் கஞ்சா இலையை வயித்துப்போக்குக்குக் கொடுக்கிறாங்கன்னு குறிச்சு வச்சிருக்கார். இன்னொண்ணும் எழுதியிருக்கார்: இலையை மஞ்சள், வெங்காயம், சூடான நல்லெண்ணெய் சேர்த்துக் குழைச்சு, வெளியே தள்ளி வீங்கி வலிக்கிற மூலத்துக்கு மேலே பூசுறாங்கன்னு. குடல் சம்பந்தப்பட்ட வலிக்கு நம்ம ஊர்ல கஞ்சா பயன்பட்டதுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேணுமா?

ரெண்டு மருந்து கொண்டுவந்த மனுஷன்

இப்போ கதாநாயகன் என்ட்ரி. வில்லியம் புரூக் ஓஷானஸி. 1809ல அயர்லாந்துல லிமெரிக்ல பிறந்தவர். இவரைப் பத்திப் படிச்சதும் ஒரு நாள் முழுக்க ஆச்சரியத்துலயே இருந்தேன். ஒரே ஆளு எத்தனை வேலைதான்யா பார்ப்பாரு!

1831ல இங்கிலாந்துக்கு காலரா வந்துச்சு. இருபத்திரண்டு வயசுப் பையன் ஓஷானஸி, நோயாளிகளோட ரத்தத்தை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தார். ரத்தத்துல தண்ணியும் உப்பும் கொறைஞ்சு போயிருக்கு, அதைத் திரும்ப நரம்பு வழியா ஏத்தணும்னு சொன்னார். 1832ல தாமஸ் லட்டாங்கிற ஸ்காட்லாந்து டாக்டர் அதைச் செஞ்சே காட்டினார். இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாலும் கம்பியில தொங்குதே குளுக்கோஸ் பாட்டில், சலைன் பாட்டில், அதோட பூர்வீகம் இதுதான்.

அடுத்து அதே ஆளு கம்பெனி வேலையில கல்கத்தா வந்தார். மருத்துவக் கல்லூரியில வேதியியல் பேராசிரியர். நம்ம ஆளுங்க கஞ்சாவை மருந்தா பயன்படுத்துறதைப் பார்த்து, வைத்தியர்கள், ஹக்கீம்கள் கிட்ட எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டார். முதல்ல நாய், பூனை, ஆடுன்னு மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம்தான் மனுஷங்களுக்கு. 1839ல கட்டுரையா வெளியிட்டார்.

முட்டுவாதம் வந்த மூணு பேருக்கு கஞ்சாப் பிசினை ஒரு நெல்லிடை அளவுதான் கொடுத்தாராம். ரெண்டு மணிக்குக் கொடுத்தா, ஒருத்தர் நாலு மணிக்கு ஓயாம பேச ஆரம்பிச்சு, பாட்டெல்லாம் பாடி, ஆறு மணிக்குத் தூங்கிட்டார். எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தா ஆளுக்கு நினைவில்லை. கையைத் தூக்கி விட்டா கை அப்படியே அந்தரத்துல நிக்குது! காலைத் தூக்கினா காலும். மெழுகு பொம்மை மாதிரி. வார்டே பதறிப் போச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாம் தெளிஞ்சு எழுந்துட்டார்னு எழுதியிருக்கார். வலியும் கொறைஞ்சிருந்ததாம்.

நாய்க்கடியால வெறி வந்த ஒரு நோயாளிக்கும் கொடுத்தார். உயிரைக் காப்பாத்த முடியலை. ஆனா தண்ணியைப் பார்த்தாலே அலறுற நிலையில இருந்தவர் கொஞ்சம் பழரசமும் சோறும் வாங்கிச் சாப்பிட முடிஞ்சது. நோயைத் தீர்க்கலைன்னாலும் வேதனையைக் கொறைக்கிறதும் வைத்தியம்தான்னு புரிஞ்சுக்கிட்ட ஆளு. 1839ல! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சது.

1840கள் தொடக்கத்துல இங்கிலாந்து போனப்போ சரக்கையும் கையோட எடுத்துட்டுப் போனார். லண்டன்ல பீட்டர் ஸ்குவயர்ங்கிற மருந்துக்கடைக்காரர் அதை எடுத்து சாராய எக்ஸ்ட்ராக்ட் ஆக்கினார். ஐரோப்பா, அமெரிக்கா பூரா மருந்துக்கடையில வித்துச்சு. விக்டோரியா ராணியோட அரண்மனை டாக்டர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890ல, முப்பது வருஷமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம்னு இதைப் பத்தி எழுதினார்.

ஓஷானஸி அதோட விட்டாரா? 1850கள்ல இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டதும் இவரேதான். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாத்தையும் இணைச்சு, அதுக்கு 'சர்' பட்டமும் வாங்கினார். 1889ல காலமானார்.

அப்புறம் ஏன் காணாமப் போச்சு?

"வெள்ளைக்காரன் சதி பண்ணி ஒழிச்சுட்டான்"ங்கிறது பார்வர்டு பதில். பாதி உண்மை கூட இல்லை. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கள் இதைக் கைவிட ஆரம்பிச்சுட்டாங்க. காரணம் ரொம்ப சாதாரணம்.

ஒண்ணு, வீரியம். ஒரு வருஷம் வந்த சரக்குல பத்து சொட்டு போதும், அடுத்த வருஷ சரக்குல முப்பது சொட்டு கொடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. இல்லைன்னா ஆளு பொம்மை மாதிரி கையைத் தூக்கிட்டு நிப்பார். உள்ளே இருக்கிற சத்து எதுன்னே தெரியாதப்போ அளவு எப்படிச் சொல்றது? மார்ஃபினை 1800களோட தொடக்கத்திலேயே அபினியிலருந்து பிரிச்சு எடுத்துட்டாங்க. கஞ்சாவோட முக்கியமான சத்தான டி.எச்.சி.யைச் சுத்தமா பிரிச்சு, அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சது 1964ல. இஸ்ரேல்ல மெஷூலமும் கவோனியும் செஞ்சாங்க. நூத்தி ஐம்பது வருஷத்துக்கு மேல இடைவெளி!

ரெண்டு, கஞ்சாச் சத்து தண்ணியில கரையாது. 1850கள்ல ஊசி வந்ததும் மார்ஃபினை உடனே ஊசியில போட முடிஞ்சது. கஞ்சாவை வாயால குடிச்சுட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். 1899ல ஆஸ்பிரின் வேற கடைக்கு வந்துருச்சு. 1932ல பிரிட்டிஷ் மருந்து நூல்லருந்தும், 1942ல அமெரிக்க மருந்து நூல்லருந்தும் கஞ்சா நீக்கப்பட்டுச்சு.

நம்ம நாட்டுல நடந்தது இன்னும் சுவாரசியம். இந்தியாவுல கஞ்சா குடிக்கிறவனெல்லாம் பைத்தியமாகிறான்னு லண்டன் பார்லிமென்ட்ல சத்தம் போட, 1893ல மேக்வொர்த் யங் தலைமையில ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. ஏழு பேர் குழுவில மூணு பேர் இந்தியர்கள். ஊர் ஊரா சுத்தி 1,193 பேர்கிட்ட சாட்சி வாங்கினாங்க, நம்ம சென்னை மாகாணம் உட்பட. பைத்தியக்கார ஆஸ்பத்திரி பதிவேட்டுல "காரணம்: கஞ்சா"ன்னு எழுதினது யார்னு தோண்டிப் பார்த்தா, பல கேஸுல ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க! 1894ல வந்த அறிக்கை, அளவோட பயன்படுத்துறதுல பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினாத்தான் கெடுதல், முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினா போதும்னு சொல்லிருச்சு. வரி வருமானமும் அரசாங்கத்துக்கு இனிச்சது, அது வேற கதை.

1985

1961ல ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம். அதுல இந்தியாவும் சேர்ந்துச்சு. மருந்துக்கு இல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 வருஷத்துக்குள்ள நிறுத்தணும்னு அதுல கெடு. அந்தக் கெடு நெருங்குறப்போ, 1985ல நம்ம போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு. நவம்பர் 14லருந்து அமல். சட்டத்துல கஞ்சான்னா பூவும் காயும் இருக்கிற நுனி. இலையும் விதையும் தனியா இருந்தா அந்த வரையறைக்குள்ள வராது. அதனாலதான் வடக்கே பங்கு கடை ஓடுது. ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவுன்னு தண்டனை மாறும்.

ஒரு வேடிக்கை பாருங்க. அதே 1985ல அமெரிக்காவுல ட்ரோனாபினால், நாபிலோன்னு ரெண்டு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தாங்க. முதலாவது ஆலையில செஞ்ச டி.எச்.சி. ரெண்டாவது அதே மாதிரி வேலை செய்யுற செயற்கைப் பொருள். புற்றுநோய் மருந்தால வர்ற வாந்தியை நிறுத்த.

இந்தச் சட்டத்தால உண்மையில அடி வாங்கினது கஞ்சா மருந்து இல்லைங்க. மார்ஃபின்! உலகத்துக்கே சட்டப்படி அபினி விளைய வச்சுக் கொடுக்கிற நாடு நாம. ஆனா லைசென்ஸ் மேல லைசென்ஸ், கணக்குல ஒரு ஆம்பூல் கொறைஞ்சா ஜெயில்னு பயந்து ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினைத் தொடுறதையே விட்டுட்டாங்க. வருஷத்துக்குச் சில நூறு கிலோவா இருந்த பயன்பாடு 1997ல சுமார் 18 கிலோவுக்கு இறங்கிருச்சு. இத்தனை கோடி ஜனத்துக்கு 18 கிலோ! எத்தனை புற்றுநோய்க்காரங்க கத்திக் கத்தியே செத்திருப்பாங்க. கேரளாவுல டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்காப் போராடி, 2014ல சட்டத்தைத் திருத்த வச்சாங்க. பெரியப்பா மார்ஃபினைப் பார்த்துப் பயந்தாரே, அந்தப் பயம் அவர் தனியா உண்டாக்கினது இல்லை. ஒரு தலைமுறை டாக்டர்களே அதோட பயந்து வாழ்ந்திருக்காங்க.

சரி, ஆபரேஷன் வலிக்கு கேட்குமா?

இப்போ அந்த ஞாபகம் வச்சுக்கச் சொன்ன வரிக்கு வாங்க. ஓடுற குடலை நிறுத்துறது.

வயித்தைத் திறந்து குடல்ல கை வச்ச உடனே குடல் கோவிச்சுக்கிட்டு வேலைநிறுத்தம் பண்ணிரும். ரெண்டு மூணு நாள் அசையாது. வயிறு உப்பும், வாந்தி வரும். அதனாலதான் டாக்டரும் நர்ஸும் காலையில வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" வெளியில கேட்டா சிரிப்பு வரும். வார்டுல அந்தக் கேள்விக்கு "பிரிஞ்சுது"ன்னு பதில் வந்தா சொந்தக்காரங்க எல்லாம் கும்பிடுறாங்க. மார்ஃபின் வலியைக் கொறைக்கும், ஆனா குடலை இன்னும் தூங்க வைக்கும். ஆகவே மார்ஃபினைக் கொறைக்கிற மாதிரி வேற மருந்து கிடைக்குமான்னு டாக்டர்கள் தேடினாங்க. கஞ்சா மேல கண்ணு போனது அதனாலயும்தான்.

ஆனா கஞ்சாவும் குடலை மெதுவாக்குற சரக்குதானே! 1990ல டி.எச்.சி. போய் ஒட்டுற ஏற்பியோட மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. மூளையில மட்டுமில்லை, குடல் நரம்புகள்லயும் அந்த ஏற்பி இருக்கு. அதைத் தூண்டினா குடல் அசைவு கொறையும். 1992ல நம்ம உடம்பே இந்த மாதிரி ஒரு பொருளைச் சுரக்குதுன்னு தெரிஞ்சது. பேரு வச்சது அனந்தமைடு, நம்ம 'ஆனந்தம்' தான்! ஆக, கிராணிக்குக் கொடுத்த வைத்தியர் செஞ்சது சரி. அதே காரணத்துக்காக, குடல் ஆபரேஷன் முடிஞ்சு காத்துக்காகக் காத்திருக்கிறவருக்கு அது ஏத்த மருந்தான்னு ரெண்டு தடவை யோசிக்கணும்.

வலியாவது கொறையுதா? சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2003ல கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன 40 பெண்கள்ல பாதிப் பேருக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி., பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வித்தியாசமே இல்லை. 2006ல லண்டன் டாக்டர் ஹோல்ட்கிராஃப்ட் குழு 65 பேருக்குக் கஞ்சா எக்ஸ்ட்ராக்டை 5, 10, 15 மில்லிகிராம்னு கூட்டிப் பார்த்தாங்க. 5 வாங்கின அத்தனை பேருக்கும் வேற வலி மருந்து தேவைப்பட்டது. 10ல பாதிப் பேருக்கு. 15ல கால்வாசிப் பேருக்கு. ஆக, வேலை செய்யுது. ஆனா அளவு ஏற ஏறப் பக்கவிளைவும் ஏறி, ஒருத்தருக்குச் சீரியஸாகப் போய் நிறுத்திட்டாங்க. அதே 2006ல கனடாவுல பெரிய ஆபரேஷன் ஆன 41 பேர் சேர்ந்த சோதனையில, நாபிலோன் 2 மில்லிகிராம் வாங்கினவங்களுக்கு வலி மத்தவங்களைவிட அதிகமாவே இருந்துச்சு!

2021ல உலக வலி ஆய்வுச் சங்கம், வலிக்குக் கஞ்சா மருந்தைப் பொதுவா சிபாரிசு பண்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு அறிவிச்சது. 2023ல அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் சங்கம் ஒண்ணு, ஆபரேஷனுக்கு வர்ற எல்லார்கிட்டயும் கஞ்சா பழக்கம் உண்டான்னு கேளுங்கன்னு சொல்லுச்சு. பழக்கம் உள்ளவங்களுக்கு மயக்க மருந்து அளவும் மாறலாம், ஆபரேஷனுக்கு அப்புறம் வலியும் கூடலாம். 2020 டிசம்பர்ல ஐ.நா. ஓட்டெடுப்புல கஞ்சாவைக் கடுமையான பட்டியல் ஒண்ணுலருந்து எடுக்கலாம்னு இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டுப் போட்டது. அதுக்கு அர்த்தம் ஆராய்ச்சிக் கதவு திறந்துருக்குங்கிறது. ஆன்லைன்ல எண்ணெய் வாங்கி ஆபரேஷன் ஆனவர் நாக்குல விடலாம்ங்கிறது இல்லை.

அப்போ குடல் ஆபரேஷன் வலிக்கு என்னதான் வழி? டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990கள்ல ஆரம்பிச்ச முறை இப்போ உலகம் பூரா பரவிருச்சு. முதுகுல போடுற மரத்துப்போகும் ஊசி, வயித்துச் சுவர் நரம்புக்கு ஊசி, நேரம் தவறாம பாராசிட்டமால், தேவைப்பட்டா மட்டும் கொஞ்சம் மார்ஃபின். சீக்கிரமே எழுப்பி நடக்க விடுறது, சீக்கிரமே வாய்வழி ஆகாரம். சூயிங்கம் மெல்லச் சொல்றதுகூட உண்டு. மெல்றதைப் பார்த்து குடல் ஏமாந்து வேலையை ஆரம்பிக்குமாம்.

ஓஷானஸி கொண்டுவந்த ரெண்டு மருந்துல உப்புத்தண்ணி எல்லா வார்டிலயும் தொங்குது. கஞ்சா இன்னும் பரிசோதனைக் கூடத்து வாசல்லதான் நிக்குது. ஏன்னா உப்புத்தண்ணியில என்ன இருக்குன்னும் எவ்வளவு ஏத்தணும்னும் அளந்து சொல்ல முடிஞ்சது. சித்தர் சொன்னாரா, சர்ஜன் சொன்னாராங்கிறது கேள்வி இல்லைங்க. எந்த வலிக்கு, எவ்வளவு, எப்போ? அதுக்குப் பதில் சொல்ற மருந்துதான் மருந்து. உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா ரெண்டு விஷயம் மறைக்காதீங்க: வலி இருந்தா வலிக்குதுன்னு சொல்லுங்க, கஞ்சாவோ லேகியமோ எடுக்கிற பழக்கம் இருந்தா அதையும் மயக்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. மார்ஃபினை டாக்டர் அளந்து நாலு நாள் கொடுக்கிறதால யாரும் அடிமையாகிற வாய்ப்பு ரொம்பக் கம்மி. வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டா மூச்சு ஆழமா இழுக்க முடியாது, சளி கட்டும், நடக்க முடியாது, குடலும் அசையாது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற ஆசாமி. மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. உங்க ஊர்ப் பக்கம் பழைய வைத்தியர் வீட்டு ஓலைச்சுவடி, கைப்பிரதியில கஞ்சா சேர்ந்த வயித்து மருந்து ஏதாவது பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா, "கஞ்சாபுரம்"னு மட்டும் யாரும் போடாதீங்க மக்கா :-)